மணிப்புறாவின் பின்படி

ஊத்துப்பாளையத்துக்கு நின்றுபோன பஸ் பதினோரு வருசம் கழித்து ஒரு புதன்கிழமை மூணரை மணிக்குத் திரும்பி வந்தபோது, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை என்பதைவிட, பின்படிக் கதவு திறக்கவில்லை என்பதுதான் ஊர்க்காரர்களுக்குப் பெரிய குறையாகப் பட்டது. டீக்கடை சுப்புரத்தினம் கல்லாவை விட்டு எழுந்து வந்து பின்கதவைத் தட்டிப் பார்த்தார். கைப்பிடி இருந்தது, கண்ணாடி இருந்தது, படிகூட இருந்தது, ஆனால் எல்லாமே தகரத்தின் மேல் வரைந்த படம். "இதென்னுங் கூத்து, கதவ வரைஞ்சு வெச்சிருக்கறானுவ?" என்றார். பூக்காரி சின்னப்பொண்ணு அதற்குள் கூடையோடு முன்படியில் ஏறி, ஸ்டியரிங் தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆரோ புதுசாப் பழகறான்போல, கம்பியப் புடிச்சுக்கங்க" என்று பின்னால் ஏறியவர்களுக்குச் சொல்லி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

மற்றபடி அது அதே மணிப்புறாதான். அதே பச்சை உடம்பு, அதே வெள்ளைப் பட்டை, நெற்றியில் வளைத்து எழுதிய அதே பெயர், இடது பக்கம் பால் வண்டி உரசிய அதே சொட்டை, மூன்றாவது சீட்டில் ரெக்ஸின் கிழிந்து எட்டிப் பார்க்கிற அதே மஞ்சள் பஞ்சு. கரூரிலிருந்து கிளம்பி, ஏரிக்கரை வழியாக, ரைஸ்மில் வளைவு திரும்பி, பதினாலு கிலோமீட்டர் ஆடி அசைந்து வந்து நிற்கிற அந்த வண்டி பழைய இரும்புக்குப் போய் வருசக்கணக்காகிவிட்டது, அதை உடைத்த இடத்திலேயே நின்று பார்த்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரும்தான் முதல் நாள் முண்டியடித்து ஏறினார்கள்.

அந்தப் பின்கதவை வரைந்தது யார் என்பது ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தவமணி. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் ஸ்டிக்கர் வெட்டுகிறவள், முப்பத்தொன்பது வயசு, சின்ன வயசுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போனவள், வாயும் கையும் அந்தக் காலுக்கும் சேர்த்து வேலை செய்யும். பட்டறையில் மத்தியானச் சோற்று நேரத்தில் கூட வேலை செய்கிறவர்கள் போனில் பஸ் ஓட்டி விளையாடுவதை இவள் வெகுநாள் வேடிக்கை பார்த்திருக்கிறாள். எந்த நாட்டு ரோடோ, எந்த நாட்டு வண்டியோ. "நம்மூரு வண்டி இதுல இல்லீங்களா?" என்று கேட்டாள். இல்லாததை நாமே செய்து விளையாட்டுக்குள் சேர்க்கலாம், அதற்கு மோட் என்று பேர் என்றார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஸ்டிக்கர் வெட்டுகிற கம்ப்யூட்டரிலேயே வேலை முடிந்தபிறகு உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டு வருசம் கத்துக்கொண்டாள்.

தனியாகச் செய்தாள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். வண்டியின் எலும்புக்கூடு இந்தோனேசியாவில் இருக்கிற ஹெண்ட்ரா என்கிற ஒருவன் செய்து போட்டது. அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு, அடுத்தவன் செய்ததை எடுத்தால் அவனைக் கேட்டுவிட்டு எடுக்கணும், நன்றிப் பட்டியலில் அவன் பேரைப் போடணும். கேட்டாள், எடுத்துக்கொள் அக்கா என்றான். ஹாரன் சத்தம் எலக்ட்ரீஷியன் அந்தோணி பத்திரமாக வைத்திருந்த மணிப்புறாவின் பழைய ஹாரனைப் பேட்டரியில் தொட்டுத் தொட்டுப் பதிவு செய்தது. சீட்டுத் துணியின் பூப்போட்ட நிறம் யாரோ கல்யாணத்துக்குப் போனபோது எடுத்த போட்டோவிலிருந்து வந்தது. ரோடு மட்டும் முழுக்க அவள் ஞாபகம். ஏரிக்கரை மதகு, உமிக் குவியல், பாதி எழுதி நிறுத்திய சுவர் விளம்பரம், கோழிப்பண்ணைத் திருப்பம் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். கோழிப்பண்ணை நாற்றத்தை மட்டும் வைக்க முடியவில்லை, ஆனாலும் அந்தத் திருப்பம் வந்தால் கை தானாக மூக்குக்குப் போகிறது என்று மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.

வேண்டுமென்றே அவள் வைக்காமல் விட்டது இரண்டு. ஒன்று பின்படி. இன்னொன்று ஒரு கல். இரண்டுக்கும் காரணம் அவளுடைய அண்ணன் மோகனசுந்தரம்.

மோகனசுந்தரம்தான் மணிப்புறாவின் டிரைவர். கடைசி மூன்று வருசம் கண்டக்டரும் அவனேதான், சம்பளம் மிச்சம் என்று முதலாளி கண்டக்டரை நிறுத்திவிட்டார். முன்படியில் ஏறுகிறவர்கள் காசை டப்பாவில் போட்டுவிட்டு உட்காருவார்கள். கையில் காசில்லாதவர்கள் பின்படியில் ஏறுவார்கள். அப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், வேலை தேடிப் போகிறவர், புருசனிடம் அடி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியவள் என்று எல்லாரும் பின்படியில் ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்து, இறங்கிப் போனார்கள். மோகனசுந்தரம் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கவே மாட்டான். பார்த்தால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்பான்.

அந்தக் கல் பால் சொசைட்டி முன்னால் கிடந்தது, கிடக்கிறது. பால் கேன்களை இறக்கி வைக்கப் போட்ட முழங்கால் உயரக் கல். பஸ் ஸ்டாப் டீக்கடை முன்னால் என்றாலும், தங்கச்சி நிற்கிற அன்றைக்கு மோகனசுந்தரம் இருபதடி முன்னாலேயே அந்தக் கல்லை ஒட்டி வண்டியை நிறுத்துவான். கல்லில் ஏறி நின்றால் பஸ் படி சரிமட்டமாக இருக்கும், யார் கையையும் பிடிக்காமல் தவமணி உள்ளே போய்விடலாம். போய் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, "உக்காந்துட்டேன், எடுங்கண்ணா" என்று சொல்கிற வரைக்கும் வண்டி நகராது. பின்னால் லாரிக்காரன் காது கிழியக் கத்தினாலும் நகராது. அந்த வருசங்களில் தன் கால் சூம்பிய கால் என்பதே அவளுக்கு மறந்திருந்தது, இன்றைக்கு நினைத்தாலும் அது ஒன்றுதான் அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

முதலாளி நொடித்துப் போய் வண்டியை விற்ற அன்றைக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாமென்று உட்கார்ந்திருந்தான். தவமணிக்கு ஆத்திரம். வண்டி போனால் அவள் பால் வண்டிக்காரரைக் கெஞ்சித்தான் வேலைக்குப் போகணும். "ஊரையே ஓசியில ஏத்திக்கிட்டுப் போனீங்கல்ல, அதான் வண்டி போச்சு. பின்படியத் தொறந்து வெச்சே நாசம் பண்ணிட்டீங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் நாக்கு எப்போதாவது பின்னால் போயிருக்கிறதா? காலையில் அண்ணன் இல்லை, பதினோரு வருசமாக இல்லை. மோட் செய்யும்போது பின்கதவுக்கு வந்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை, வெறும் படமாக வரைந்து ஒட்டிவிட்டாள். கல்லை வைக்கவே இல்லை. மற்றதையெல்லாம் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டுங்கள் என்று இலவசமாகப் போட்டாள். அண்ணன் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கையில் ஒரு போன் இருக்காதா, கண்ணில் படாதா, ஓட்டிப் பார்க்க மாட்டானா. அவள் கேட்க நினைத்த மன்னிப்பு அந்த வண்டிதான்.

வண்டி வந்த இரண்டாவது நாளே விசயம் விளங்கிவிட்டது. மோட்டை எடுத்தவர்கள் போனில் பேசிக்கொள்கிற குழுவில் மஸ்கட்காரர் எழுதியிருந்தார், "இன்னைக்கு ஊத்துப்பாளையம் டிரிப் அடிச்சேன், ரைஸ்மில் வளைவுல ஒரு செவலைக் கோழி குறுக்க வந்துருச்சு, பிரேக் போட்டேன்." தவமணி மோட்டில் கோழி வைத்திருக்கவில்லை. ஆனால் ரைஸ்மில் வளைவில் சின்னப்பொண்ணுவின் செவலைக் கோழி பிழைத்ததை வண்டியில் இருந்த பதினெட்டுப் பேர் பார்த்தார்கள். ஆக, எங்கெங்கோ உட்கார்ந்து போனில் ஓட்டுகிறவர்கள்தான் இங்கே வண்டியை ஓட்டுகிறார்கள் என்று சுப்புரத்தினம் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார், கேட்டவர்கள் அப்படியா என்று கேட்டுக்கொண்டு அடுத்த டீ சொன்னார்கள்.

ஒரே மாதத்தில் ஊர் பழகிவிட்டது. காலையில் ஒரு டிரிப், மூணரைக்கு ஒரு டிரிப் என்று வண்டி வந்தது. ஆளைப் பார்க்காமலே வண்டி வருகிற விதத்தை வைத்து டிரைவரைச் சொல்வார்கள். பிரேக்கிலேயே காலை வைத்து ஓட்டினால் மஸ்கட்காரர், அவருக்கு ஊரை விட்டுக் கிளம்ப மனசு வராது. ஹாரனை விடாமல் அடித்தால் ஓசூர் கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகள். மெதுவாக, ஒவ்வொரு மரத்தையும் பார்த்துப் பார்த்து வந்தால் மலேசியாவில் இருக்கிற ஒரு நர்ஸம்மா, அவர் ஓட்டினால் அரைமணி தாமதம், ஆனால் கர்ப்பிணிகள் அவருக்காகக் காத்திருந்து ஏறினார்கள். ஓட்டுகிறவருக்குப் போன் வந்தால் வண்டி நட்டநடு ரோட்டில் நின்றுவிடும், பேசி முடிக்கிறவரை ஜனங்கள் இறங்கி, பக்கத்துக் காட்டில் கீரை பிடுங்கிக்கொண்டு வந்து ஏறுவார்கள். ஒருதரம் ஓசூர்ப் பிள்ளை ஒருத்தன் மணிப்புறாவை ஏரிக்குள் இறக்கிவிட்டான். அவன் அங்கே மறுபடி ஆரம்பி என்கிற பொத்தானை அமுக்கினான், இங்கே முப்பது பேரும் கரூர் பஸ் ஸ்டாண்டில் அவரவர் சீட்டில் உலர்ந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் கையில் இருந்த சாம்பார் வாளிகூடச் சிந்தவில்லை. "மறுக்கா மொதல்ல இருந்தா" என்று அலுத்துக்கொண்டதோடு சரி. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருவர் பானெட்டைத் திறந்து, உள்ளே எஞ்சினே இல்லை என்று எழுதிக்கொண்டு, வெயிலாக இருந்ததால் அதே வண்டியிலேயே ஏறி ஊருக்குப் போனார்.

கண்டக்டர் இல்லை, டப்பா இல்லை, எனவே ஏறினவர் யாரும் காசு கொடுக்கவில்லை. செய்தவளும் வாங்கவில்லை, ஓட்டுகிறவரும் கொடுக்கவில்லை, ஏறுகிறவரும் கொடுக்கவில்லை. அப்படியே வண்டி ஓடிற்று.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தவமணி வழக்கம்போலப் பட்டறைக்குக் கிளம்பி, டீக்கடை முன்னால் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். தினமும் யாராவது ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கித்தான் அவளை ஏற்றுவார்கள். அன்றைக்கு மணிப்புறா ஆட்டமில்லாமல், கியர் மாற்றுகிற சத்தமே தெரியாமல் வந்தது, டீக்கடைக்கு வரவில்லை, இருபதடி முன்னாலேயே பால் சொசைட்டிக் கல்லை ஒட்டி நின்றது.

"அங்க ஏன்டா நிறுத்தறான், கிறுக்கன்" என்றார் சுப்புரத்தினம்.

விளையாட்டுக்குள் அந்தக் கல்லே இல்லை. போனில் ஓட்டுகிறவருக்கு அது வெறும் மண் தரை. கல் அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அங்கே நிறுத்த முடியும். அவள் நடந்து போய்க் கல்லில் ஏறி, படியில் கால் வைத்து, உள்ளே போய் உட்கார்ந்தாள். வண்டியை எடுக்கச் சொல்கிற அந்தப் பழைய வார்த்தை வாயில் வந்துவிட்டது, சொல்லவில்லை. பதினோரு வருசத்துக்கு முன் அண்ணனைச் சொன்ன வார்த்தை குறுக்கே கிடந்தது. வண்டி வெகுநேரம் காத்திருந்து, பிறகு தானாகக் கிளம்பியது. அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் அந்த டிரைவர் வந்தார். இலவச மோட்டை எடுப்பவர் பேரும் சொல்வதில்லை, ஊரும் சொல்வதில்லை, அதனால் யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு வழியில்லை. யாரிடமும் அவள் வாயைத் திறக்கவும் இல்லை.

இந்த நேரம் பார்த்து விளையாட்டுக் கம்பெனிக்காரன் புதுசு புதுசாக மாற்றங்கள் விட ஆரம்பித்தான். அவன் ஒன்றை மாற்றினால் இவள் செய்த மோட் கழன்றுகொள்ளும், போனில் வண்டி கிளம்பாது, ஊரில் வண்டி வராது. ஒவ்வொரு முறையும் தவமணி பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் வாங்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் நாலு நாள், ஐந்து நாள் உட்கார்ந்து சரி செய்வாள். கண் சிவந்து, கழுத்து திரும்பாமல் அவள் உட்கார்ந்திருக்க, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அம்மிணி, நாளைக்காவது வருங்களா? எம் பொண்ணுக்குப் பரிச்சை" என்று ஊர் கேட்கும். மூன்றாவது மாற்றத்தில் பட்டறை முதலாளி குணசேகரன் பொறுமையிழந்தார். "தவமணி, நீ நல்ல வேலைக்காரி, எனக்கும் மனசில்ல. ஆனா வண்டி ஸ்டிக்கர் இல்லாம நிக்குது பாத்துக்க" என்று வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

வேலை போன சேதி டீக்கடைக்கு வந்தபோது அங்கே பெரிய பஞ்சாயத்தே நடந்தது. தவமணியும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"மோட்டுக்கு ஒரு விலை வை, சாமி" என்றாள் சின்னப்பொண்ணு. "நாம் பூவு கட்டுனா காசு வாங்கறேன். நீ வண்டியே கட்டியிருக்கறே."

பத்திரம் எழுதுகிற நல்லமுத்து குறுக்கே விழுந்தார். ஒரு தாளுக்கு இவ்வளவு என்று வாங்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்காத மனுசர். "அதெப்படிங்க? கலைங்கறது ஆத்தும திருப்தி. ஆசைக்குச் செஞ்சதுக்கு விலை வெச்சா அசிங்கமில்லீங்களா? இத்தனை நாள் ஓசியில குடுத்துப்போட்டு இப்பக் கேட்டா, அப்பறம் ஒருத்தனும் எடுக்க மாட்டான், ஓட்ட மாட்டான். நாம கரூருக்கு எப்படிப் போறது?"

"ஆக உங்க திருப்தி மூணரை மணி பஸ்ஸுல ஏறுறதுதானுங்களா" என்றார் சுப்புரத்தினம். கடையே சிரித்தது. நல்லமுத்து சிரிக்கவில்லை.

அந்தோணி தலையைச் சொறிந்துகொண்டே, "ஹாரன் சத்தம் நான் குடுத்ததுதான தவமணி. காசு வாங்கறதா இருந்தா..." என்று இழுத்தான். உடனே சீட்டுத் துணி போட்டோ எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது என்று ஒருத்தர் சொன்னார், அந்தச் சுவர் விளம்பரம் எங்கள் சுவரில்தான் இருந்தது என்று இன்னொருத்தர் சொன்னார். செவலைக் கோழிக்கும் ஒரு பங்கு கேட்டிருப்பார்கள், சின்னப்பொண்ணு முறைத்ததால் விட்டார்கள்.

தவமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலை வைத்தால் பிழைக்கலாம், வீட்டிலேயே உட்கார்ந்து அன்றன்றைக்கே மோட்டைச் சரி செய்யலாம், ஊருக்கு வண்டி தவறாது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு டிரைவர்? ஓசியில் ஏற்றிக்கொண்டு போனவனை ஓசியில் ஏற்றினாயே என்று பேசித் துரத்தினாள், இப்போது அவன் வந்து ஏறுகிற நேரத்தில் வாசலில் நின்று காசு எடு என்று கேட்கவா? அதே வார்த்தையை இரண்டாம் தரம் சொல்வது இல்லையா அது? இதை அந்தக் கடையில் யாரிடம் சொல்வது!

வீட்டுக்குப் போய் ஹெண்ட்ராவுக்கு எழுதினாள், அவன் செய்த எலும்புக்கூட்டின் மேல்தானே எல்லாம். விலை வைக்கலாமா என்று கேட்டதற்கு நிதானமாகப் பதில் வந்தது. நான் ஏழு வருசம் இலவசமாகச் செய்தேன் அக்கா, ஒவ்வொரு நாளும் நூறு பேர் அடுத்தது எப்போது என்று கேட்டார்கள், சாப்பிட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, இப்போது மோட்டார் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன், நீங்கள் வாங்குங்கள், எனக்குப் பங்கு வேண்டாம், என் பேர் மட்டும் இருக்கட்டும். தவமணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மோட்டுக்குப் பூட்டுப் போட்டு, ஒரு டீயும் வடையும் ஆகிற விலையை வைத்தாள்.

வண்டி நிற்கவில்லை. மஸ்கட்காரர் முதல் ஆளாக வாங்கினார், நர்ஸம்மா வாங்கினார், முன்னே பின்னே தெரியாத பலரும் வாங்கினார்கள். மோட் கழன்றால் அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது, பரிச்சைகள் தவறவில்லை, தவமணி வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் காசு கொடுத்தவர்கள் வாய் திறந்தார்கள். காசு கொடுத்திருக்கிறோமே, ஏர்ஹாரன் வேண்டும். காசு கொடுத்திருக்கிறோமே, ஜிகுஜிகு லைட்டு வேண்டும். அந்த மூன்றாவது சீட்டுக் கிழிசல் அசிங்கம், தைத்துவிடுங்கள். கேட்டதில் பாதியைச் செய்துகொடுத்தாள். ஏர்ஹாரன் வந்த வாரத்தில் கோழிப்பண்ணையில் முட்டை குறைந்தது. புதுசாக வந்த டிரைவர்கள் ஸ்டாப்பில் நிற்காமல் பறந்தார்கள், ஏறுகிறவர்களைவிட அவர்களுக்கு வேகம்தான் கணக்கு. மூன்றாவது சீட்டை மட்டும் அவள் தைக்கவில்லை.

கல்லருகே வண்டி நிற்பது நின்றுபோயிற்று. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். தினமும் காலையிலும் மூணு மணிக்கும் போய், ஸ்டாப்பில் நிற்காமல் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மணிப்புறா ஜிகுஜிகு லைட்டோடு அவளைத் தாண்டிப் போகும், இருபதடி தள்ளி நிற்கும், இல்லையென்றால் நிற்காமலே போகும். "ஏறலையா அம்மிணி?" என்று ஜன்னலிலிருந்து நல்லமுத்து கேட்பார். பதினேழாவது நாள் சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு முழம் எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டு, "ஆருக்குடி காத்திருக்கறே?" என்றாள். தவமணி அழுதுவிட்டாள். கல்லையும், அண்ணனையும், பின்படியையும், தான் சொன்ன அந்த வார்த்தையையும் ஒன்று விடாமல் சொல்லி அழுதாள்.

"நானும் ஒருக்கா பின்படியில ஏறியிருக்கறேன்" என்றாள் சின்னப்பொண்ணு. "கண்ணாடியில பாக்கவே மாட்டான் உங்கண்ணன்."

தவமணி வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். விலையை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். வருமானம் போனால் போகட்டும், ஊதுபத்தி உருட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். பூட்டை எடுக்கிற இடத்துக்குப் போகும்போதுதான் பார்த்தாள், மோட் வாங்குகிறவர்கள் ஏதாவது சொல்ல நினைத்தால் எழுதுவதற்கென்று இருக்கிற சின்னக் கட்டத்தில், அன்றைக்கு மத்தியானம் ஒருவர் எழுதியிருந்தார். பேர் போடவில்லை. ஒரே ஆள் இரண்டு முறை வாங்கியிருந்தார்.

"ரெண்டு டிக்கெட் பாப்பா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு கல்லுல ஏறுற ஆளுக்கு. போன்ல காசு அனுப்ப ஒருத்தரப் புடிச்சுக் கத்துக்க இத்தன நாள் ஆச்சு. காசு வாங்கு, வேல செஞ்சா வாங்கத்தான் வேணும். பின்படிய மட்டும் தொறந்து உடு."

அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவள் அந்த எழுத்தைத் திரையில் விரலால் தடவிப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஏண்ணா எங்கிருக்கீங்க என்று பதில் எழுதினாள். பதில் வரவில்லை. சரி, அவன் கேட்டதைச் செய்வோம் என்று உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் ஆயிற்று அந்தக் கதவைச் செய்ய. படத்தைக் கிழித்தெடுத்து, தகரத்தை வெட்டி, கீல் வைத்து, படி வைத்து, கைப்பிடியில் எத்தனையோ கைகள் பிடித்த பளபளப்புவரை வைத்தாள். மோட்டை எடுக்கிற பக்கத்திலும் இரண்டு வழி வைத்தாள். ஒன்றில் முன்படி என்று எழுதி விலையைப் போட்டாள். இன்னொன்றில் பின்படி என்று மட்டும் எழுதினாள். அதை அமுக்கினால் அதே வண்டி, அதே ரோடு, காசு கேட்காது, பேர் கேட்காது, எத்தனை பேர் அந்த வழியாக எடுத்தார்கள் என்று அவளுக்கும் காட்டாது. பார்த்தால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். நல்லமுத்து இதைக் கேள்விப்பட்டு, எல்லாரும் பின்படியிலேயே ஏறிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அண்ணன் காலத்தில் எல்லாருமா ஏறினார்கள் என்று திருப்பிக் கேட்டாள். மறுநாள் அவர் முன்படியில் ஏறும்போது, டிரைவர் சீட்டுப் பக்கத்தில் யாரோ ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்திருப்பதைப் பார்த்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அதில் ஏதோ போட்டார் என்று சின்னப்பொண்ணு சொன்னாள். டப்பாவை வைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூணரை மணிக்குத் தவமணி கல்லின் மேல் நின்றிருந்தாள். ரைஸ்மில் வளைவில் மணிப்புறா திரும்பியது. ஆட்டமில்லை, ஹாரன் இல்லை, கியர் மாற்றுகிற சத்தமே இல்லை. வந்து, கல்லை உரசுகிறாற்போல, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஏறினார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லிலிருந்து படிக்குக் கால் வைத்து ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முன்னால் சீட் காலியாக இருந்தது, ஸ்டியரிங் அசையாமல் இருந்தது. டீக்கடையில் சுப்புரத்தினம், "என்னாச்சு, எடுக்கலையா?" என்று சத்தம் போட்டார். பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. வண்டி நகரவில்லை.

தவமணி சேலையைச் சரிசெய்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"உக்காந்துட்டேன்" என்றாள். "எடுங்கண்ணா."